பட்டுப்புழு ஈரறிவுயிரா?

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் இல்லங்களில் திருமணம் என்றதும் முதலில் எழும் பேச்சு பட்டுச் சேலையைப் பற்றியதாகவே இருக்கின்றது. இரவில் உண்ணாதவர்கள், நீரை வடிகட்டாமல் பருகாதவர்கள், கிழங்கு வகைகளை முற்றும் விலக்கியவர்கள் ஆகிய பெரியோர்கூட, ஜிநாலயத்துள் பூசைக்குச் செல்லுங்கால் பட்டுடுத்திச் செல்வதே தூய்மை எனக் கருதுகின்றனர். இது பொருந்துமா என்று இளைஞர் யாரேனும் வினவினால் இரு விடைகள் ஆயத்தமாக உள்ளன. 'அது வெறும் புழுதானே, ஈரறிவுயிர்தானே' என்பது ஒன்று. 'நாமா கொன்றோம், கடையில் வாங்கினோம்' என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் நிற்குமா என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். பட்டுப்புழு ஈரறிவுயிர் என்றே வைத்துக்கொண்டாலும் 'வெறும்' என்ற சொல்லுக்கு ஈண்டு இடமில்லை. இல்லறத்தார் மேற்கொள்ளும் அஹிம்சா அணுவிரதம் ஓரறிவுயிர்களைப் பொறுத்துத்தான் அளவு வகுத்துத் தளர்வு தருகின்றது. இயங்குயிர்களாகிய திரஸ ஜீவன்களை, அதாவது ஈரறிவு முதல் மேற்பட்ட எவ்வுயிரையும், கருதிக் கொல்லலாகாது என்பதே விரதத்தின் எல்லை. ஈரறிவு என்று சொல்லிவிட்டால் விலக்குக் கிடைத்துவிடும் என்பது நூல்நெறி அறியாதார் கூற்று. ஆனால் நம் ஐயம் இன்னும் அடிப்படையானது. பட்டுப்புழு உண்மையில் ஈரறிவுயிர்தானா? அதனினும் முன்பாக, அது புழுதானா?

புழு என்ற சொல் வடிவத்தைக் கண்டு இடப்பட்ட பெயர். நீண்டு, மென்மையாய், எலும்பின்றி நெளிவது எதுவோ அதனைப் புழு என்றனர் நம் முன்னோர். மேனாட்டாரும் இதில் வேறுபட்டவரல்லர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டு பதிப்பித்த தம் நூலில் விலங்குலகை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். பாலூட்டி, பறவை, நீர்நில வாழ்வன, மீன், பூச்சி என ஐந்து போக, எஞ்சிய மெல்லுடல் உயிர்கள் பெரும்பாலானவற்றை ஆறாவதாகிய 'புழுக்கள்' என்னும் வகுப்பில் கொட்டிவிட்டார். நத்தையும் அதில் இருந்தது, நாடாப்புழுவும் இருந்தது. வீட்டில் இடம் தெரியாத பொருள்களைப் பரண்மேல் போடுவது போன்ற செயல் அது. பாரிஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் 1793-இல் பூச்சி, புழுக்களுக்கான பேராசிரியராக அமர்ந்த லமார்க் அந்தப் பரணை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தோரும் அப்பணியைத் தொடர்ந்தனர். இன்று உயிரியலார் கொள்ளும் முடிபு யாதெனில், புழு என்பது ஓர் இனமே அன்று, பல இனங்கள் தற்செயலாய்ப் பூண்ட ஒரே வடிவம் என்பதாகும்.

அவற்றுள் மூன்று தொகுதிகள் நாம் அறியத்தக்கவை. முதலாவது தட்டைப்புழுக்கள். குடலில் வாழும் நாடாப்புழு இத்தொகுதியைச் சேர்ந்தது. அதற்கு வாயுமில்லை, குடலுமில்லை. பிறர் செரித்து வைத்த உணவைத் தோலாலேயே உறிஞ்சி வாழ்கின்றது. இரண்டாவது உருளைப்புழுக்கள். குழந்தைகளின் குடற்புழு, கொக்கிப்புழு, யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு, பயிர்வேரைத் துளைக்கும் நூற்புழு யாவும் இவற்றுள் அடங்கும். நிலவுலகில் உள்ள விலங்குகளை ஒவ்வொன்றாய் எண்ண முடியுமாயின் ஐந்தில் நான்கு இவையாகவே இருக்கும் என்பர். மூன்றாவது வளையப்புழுக்கள். மண்புழு இதில் சேரும். மழைக்காட்டு அட்டையும் மண்புழுவின் நெருங்கிய உறவேயாகும்.

பட்டுப்புழு இம்மூன்றிலும் இல்லை. அது அந்துப்பூச்சியின் இளமைப் பருவம். தலைக்குப் பின்னே மூன்று இணை உண்மைக் கால்கள் அதற்கு உண்டு. பூச்சி இனத்தின் முத்திரையாகிய ஆறு கால்கள் அவையே. பின்புறம் சதைப்பற்றுடன் தோன்றும் ஐந்து இணைக் கால்கள் இப்பருவத்தோடு மறைந்துபோவன. ஆக, புழு என்னும் பெயர் அதற்கு இரவல் பெயரே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் தாய்மார் குழந்தையின் வயிற்றிலுள்ள உண்மையான புழுவை 'வயிற்றுப் பூச்சி' என்றும், அதற்குத் தரும் மருந்தைப் 'பூச்சி மருந்து' என்றும் கூறுவர். முசுக்கொட்டை இலை தின்னும் உண்மையான பூச்சியைப் 'புழு' என்பர். பெயரை வைத்து உயிரின் தரத்தை நிறுக்கப் புகுந்தால் தராசு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

இனி நம் நூல்கள் உயிர்களை வகுத்த முறைக்கு வருவோம். அவை வடிவத்தையும் பார்க்கவில்லை, பிறப்பு மரபையும் பார்க்கவில்லை. எத்தனை பொறிகளால் உலகை உணர்கின்றது என்பதையே அளவுகோலாகக் கொண்டன. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்னும் நான்கை எடுத்துக்காட்டி, ஒன்றினும் அடுத்ததற்கு ஒரு பொறி மிகும் என்றார். மெய்யும் நாவும் உடையது புழு. மூக்கும் உடையது எறும்பு. கண்ணும் உடையது வண்டு. தொல்காப்பியத்து மரபியலும் இவ்வழியிலேயே செல்கின்றது. அங்கு ஈரறிவுக்கு நத்தை இனமும், மூவறிவுக்குச் சிதலும் எறும்பும், நாலறிவுக்கு நண்டும் தும்பியும் காட்டப்படுகின்றன. மக்களுக்கு மனம் என்னும் ஆறாவது அறிவைத் தொல்காப்பியர் தனியே கூட்டினார். நம் பவணந்தி முனிவரோ நன்னூலில் வானவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை அனைத்தையும் ஐயறிவுயிர் என ஓரினமாக்கிவிட்டார். தொல்காப்பியர் சமணரா என்ற வழக்கினை ஈண்டு எழுப்ப வேண்டா. உயிரைப் பொறிகளால் அளக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று என்பதே வேண்டுவது.

இவ்வளவீடு வெறும் நம்பிக்கையன்று என்பதற்கு மண்புழு நல்ல சான்று. சார்லஸ் டார்வின் தம் இறுதி நாள்களில் மண்புழுக்களைத் தொட்டிகளில் வளர்த்துப் பல சோதனைகள் செய்து 1881-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவற்றின் அருகே ஊதலை ஊதினார், பஸ்ஸூன் என்னும் பெருங்குழலை ஊதச் செய்தார், பியானோ வாசிக்கச் செய்தார், உரக்கக் கூவினார். புழுக்கள் அசையவில்லை. ஆனால் தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் அவை வளைக்குள் ஓடி ஒளிந்தன. ஒலி கேட்கவில்லை, அதிர்வு மெய்யில் பட்டது. செவி இல்லை, மெய்யுணர்வு நிரம்ப உண்டு. கண்ணில்லாத அவ்வுயிர் ஒளியைத் தோலாலேயே ஓரளவு உணர்கின்றது என்பதையும், மணத்தை மிக மெலிவாக அறிகின்றது என்பதையும் அவர் கண்டார். பொறி என்று தனி உறுப்பு இல்லாமலும் புலனுணர்வின் சாயல் இருக்கக்கூடும் என்பது இதனால் தெரிகின்றது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் சிறு உருளைப்புழு ஒன்றுக்கு நரம்பணுக்கள் 302 மட்டுமே என்று எண்ணி வைத்துள்ளனர். அதுவும் மணம் அறிந்து திரும்புகின்றது. இத்தகைய செய்திகளைக் கண்டு, நம் நூல்கள் கூறியது பிழைபட்டதோ என நம்மவர் சிலர் கலங்குவதுண்டு. கலங்க வேண்டுவதில்லை. ஓர் உயிர் நாம் எண்ணியதினும் மிகுதியாய் உணர்கின்றது என்று ஒருவர் காட்டினால், அதனால் நம் கடமை கூடுமேயன்றிக் குறையாது.

மண்புழு தோலால் மூச்சு விடுவது. மழைநீர் வளைகளை நிறைக்குங்கால் அது நிலத்தின்மேல் வந்து ஊரும். கார்காலம் நான்கு திங்களும் முனிவர்கள் ஓரிடத்தே தங்கி நடை தவிர்ப்பதன் காரணம், அக்காலத்துப் பாதையைப் பார்த்தவர்க்கு எளிதில் விளங்கும். உழவர்களாகிய நாம் ஏர் பூட்டுங்கால் அதே மண்புழு மடிகின்றது. இதனை உத்யோக ஹிம்சை என்று நூல்கள் தனியே வைத்தன. உழவன் கருதுவது விளைச்சலை, புழுவின் சாவை அன்று. உழாமல் விதைக்க வழி கண்டால் அவன் மகிழ்வான். இவ்வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றோம். பின்னர் இது தேவைப்படும்.

இப்பொழுது ஜவளகிரிக்குச் செல்வோம். ஓசூரில் தொழிற்சாலைப் பணியின் பொருட்டுக் குடியேறிய நம்மவர் குடும்பங்கள் சில உள்ளன. அவர்களைக் காணச் சென்றபோது தளி வழியே ஜவளகிரி வரை போய்வரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள சிற்றூர் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. எல்லைக்கு அப்பால் பன்னேருகட்டா காடு. ராகி கதிர் முற்றும் பருவத்தில் அக்காட்டினின்று யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டின் வழியே இறங்குவது ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வருவதே. ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உணவு போய்விடும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் வட்டாரமெங்கும் முசுக்கொட்டைத் தோட்டமும் புழு வளர்ப்பு மனையும் ஏன் பரவின என்பதற்குத் தட்பவெப்பம் ஒரு காரணமென்றால், வீட்டுக்குள் விளைந்து மாதந்தோறும் காசாகும் பொருள் அது என்பது மற்றொரு காரணம். ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவளக் காப்பகம் ஒன்று 1991 முதல் இயங்குகின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முசுக்கொட்டை வகைகளும் நூற்றுக்கணக்கான பட்டுப்புழு இனங்களும் அங்குக் காக்கப்படுகின்றன.

வளர்ப்பு மனையின் வாயிலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பொடியும் தூவப்பட்டிருந்தன. செருப்பைக் கழற்றி, கால் கைகளைக் கழுவிய பின்னரே உள்ளே விட்டனர். நோய் புகாமைக்கான ஏற்பாடு அது. நம் கோயில் வாயிலை அது நினைவூட்டியது என்றால் மிகையன்று. அடுக்கடுக்கான தாங்கிகளில் ஐந்தாம் பருவத்துப் புழுக்கள் இலை தின்றுகொண்டிருந்தன. பல்லாயிரம் வாய்கள் ஒருங்கே மெல்லும் ஓசை, கூரைமேல் தூறல் விழுவது போல் இருந்தது. இளம்புழு வளர்ப்பு மையங்களிலிருந்து இரண்டாம் தோலுரிப்புக் கடந்த புழுக்களை வாங்கிவந்து இவர்கள் வளர்க்கின்றனர். முட்டையினின்று வெளிவந்த நாள் தொட்டு நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய இருபத்தைந்து நாள்களில் பிறந்த எடையைப் போல் பதினாயிரம் மடங்கு பெருகுகின்றது அப்புழு. பின்னர் உணவை மறந்து தலையை உயர்த்தி ஆட்டும். அதனைச் சந்திரிகை என்னும் வலைத்தட்டில் விட, தலையை எட்டு வடிவில் அசைத்து அசைத்து, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். இரண்டு மூன்று நாள்களில் கூடு முடியும்.

அதன் பொறிகளை எண்ணுவோம். தொட்டால் சுருளுகின்றது, ஆகவே மெய்யுணர்வு உண்டு. முசுக்கொட்டை இலையையும் பிற இலையையும் வாயருகே உள்ள உறுப்புகளால் சுவைத்து வேறுபாடு காண்கின்றது. அந்த இலையின் மணத்தைக் குட்டையான உணர்கொம்புகளால் அறிந்து அதனை நோக்கி நகர்கின்றது. தலையின் இருபுறமும் பக்கத்துக்கு ஆறாகச் சிறு கண்கள் உள்ளன. மெய், நா, மூக்கு, கண் நான்கும் அமைந்த இவ்வுயிரை ஈரறிவில் வைப்பது எங்ஙனம்? கூட்டினின்று வெளிவரும் அந்துப்பூச்சியின் மூக்கோ வியப்புக்குரியது. பெண் பூச்சி வெளியிடும் மணப்பொருளை ஆண் பூச்சி மிகச் சிறிய அளவிலேயே உணர்ந்துவிடும். ஜெர்மானிய அறிஞர் பூட்டெனாண்ட் அம்மணப்பொருளைப் பிரித்தெடுத்து 1959-இல் வெளியிட்டார். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பூச்சிகள் அதற்குத் தேவைப்பட்டன. அதுவும் ஒரு கொலைக்கணக்கே.

இதற்கு விலங்கியல் கொண்டுதான் விடை காண வேண்டும் என்பதில்லை. நம் நூல்நெறியே போதும். ஐம்பொறிகளுள் ஒவ்வொன்றின் வயப்பட்டு அழியும் உயிருக்குச் சான்றோர் எடுத்துக்காட்டும் வரிசையில், கண்ணின் வயப்பட்டு விளக்கில் வீழ்வதாக வருவது விட்டில். அது நாலறிவுயிர். அந்துப்பூச்சியும் அவ்வினமே. ஒரு பிறவியில் ஒரு ஜீவன் எத்தனை பொறியுடையதாய்ப் பிறக்க வேண்டும் என்பதை ஜாதி நாமகருமம் வரையறுக்கின்றது. அப்பிறவியின் ஆயுள் முடியும் வரை அது மாறுவதில்லை. முட்டையும், இலை தின்னும் புழுவும், கூட்டுக்குள் உறங்கும் பருவமும், சிறகடிக்கும் பூச்சியும் ஒரே ஆயுளின் நான்கு பருவங்கள் என்றால், பூச்சி நாலறிவுடையதாகவும் புழு ஈரறிவுடையதாகவும் இருக்க இயலாது. மழலையை ஓரறிவுயிர் என யாரும் கூறுவதில்லை அன்றோ? ஆகவே கூட்டுக்குள் மடிவது விட்டிலே. புழு என்ற சொல் அதன்மேல் போர்த்திய போர்வை.

கூடு கட்டி முடிந்த உயிர் பத்துப் பன்னிரண்டு நாள்களில் உமிழ்நீர் போன்ற ஒரு நீரால் கூட்டின் நுனியைக் கரைத்துத் துளையிட்டு வெளிவரும். துளை விழுந்தால் ஆயிரம் மீட்டர் இழை துண்டுபடும். எனவே அதற்கு முன்பே அனலாலோ நீராவியாலோ உள்ளிருக்கும் உயிரை அவித்துவிடுகின்றனர். ஒரு கிலோ கச்சாப் பட்டு நூலுக்கு ஆறு முதல் ஏழு கிலோ கூடுகள் வேண்டும். கிலோ ஒன்றுக்கு அறுநூறு கூடுகள் என்று கொண்டால், ஒரு கிலோ நூலுக்கு ஏறத்தாழ 4,000 உயிர்கள். பசை நீக்குகையில் நூலின் எடையில் கால் பங்கு போய்விடும். ஆக, சரிகை நீங்கலாக அரைக் கிலோ பட்டுக் கொண்ட ஒரு சேலைக்கு ஏறக்குறைய 2,600 நாலறிவுயிர்கள். நம் நாட்டில் 2023-24-ஆம் ஆண்டில் விளைந்த கச்சாப் பட்டு எல்லா வகையும் சேர்த்து 38,913 டன். பெருக்கிப் பார்க்க நமக்கு மனமில்லை.

ஜவளகிரிப் பக்கத்து உழவர் ஒருவரிடம் இதனைப் பணிவுடன் கேட்டோம். "நாங்க வளர்க்கிறோம், சாமி. கொல்றது நாங்க இல்லை" என்றார். அவர் கூறியது உண்மையே. உயிருள்ள கூட்டையே அவர் ஓசூர், தருமபுரிக் கூட்டு அங்காடிக்கோ எல்லை கடந்து ராமநகரத்துக்கோ கொண்டுபோய் விற்கின்றார். அவிப்பவர் நூற்பாலைக்காரர். அவரோ தாம் செய்வது தொழில் என்பார். நெசவாளர் கண்ணில் படுவது நூல் மட்டுமே. கடைக்காரர் கண்ணில் படுவது சேலை. நம் கண்ணில் படுவது அரக்கு வண்ணமும் சரிகைக் கரையும். இத்தனை கைகள் மாறிய பின் கொலை யாருடையது என்றே தெரியாமல் போய்விடுகின்றது.

இங்கேதான் இரண்டாவது விடையாகிய 'நாமா கொன்றோம்' என்பது வந்து நிற்கின்றது. இவ்வாதம் நமக்குப் புதிதன்று. நம் தருக்க நூலாகிய நீலகேசியில் புலால் உண்ணும் பௌத்தரோடு நிகழும் வாதத்தின் உயிர்நிலையே இதுதான். தாம் கொல்லாது பிறர் கொன்றதை உண்பதில் குற்றமில்லை என்றவரை நீலகேசி விடவில்லை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும், கொள்வார் இல்லாவிடில் கொன்று விற்பாரும் இரார் என்ற கருத்தை வணிகக் கணக்காகவே முன்வைக்கின்றது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில்கள் என்று நாள்தோறும் ஓதுகின்றோம். அன்று பிறரை மடக்கிய வாதத்தை, நம் வீட்டு ஜவுளிப் பட்டியலின்மேல் திருப்பினால் மட்டும் முகம் சுளிப்பது நேர்மையாகாது.

வேறொரு தடையும் எழுப்பலாம். பருத்தி வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தால் மடியும் உயிர்கள் எத்தனை? முசுக்கொட்டைத் தோட்டத்தில் அத்தகைய மருந்தைக் கண்டபடி தெளிக்க முடியாது, தெளித்தால் இலை தின்னும் புழுவே மாண்டுவிடும். அவ்வகையில் பட்டு பருத்தியினும் நல்லதன்றோ என வினவுவாரும் உளர். கூரிய வினா இது. தள்ளிவிடத்தக்கதன்று. மேலே ஏர் உழுவோனைப் பற்றிக் கூறியதை ஈண்டு நினைவுகூர்வோம். பருத்தியில் பூச்சி மடிவது பயிர்த்தொழிலின் குற்றம். மருந்தின்றிப் பயிரிட வழி உண்டு, அவ்வாறு விளைவிப்போரும் உளர், அப்பொழுதும் பருத்தி பருத்தியே. பட்டில் அவ்வாறன்று. அறாத இழையை எடுக்க வேண்டுமாயின் உள்ளிருப்பது வெளிவரலாகாது. சாவு அங்கே பக்கவிளைவு அன்று, செய்முறையின் ஒரு படி. சங்கல்ப ஹிம்சை என நூல்கள் முற்றும் விலக்கியது இதனையே என்பது நம் கருத்து.

பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டைப் பஞ்சு போல் நூற்று நெய்யும் 'அஹிம்சா பட்டு' உண்டே என்பர். ஆந்திரக் கைத்தறித் துறையில் பணியாற்றிய குசும ராஜய்யா 1990-களில் இம்முயற்சியைத் தொடங்கிப் பின்னர் காப்புரிமையும் பெற்றார். போற்றத்தக்க முயற்சியே. எனினும் சாவகர் ஒன்றை அறிதல் வேண்டும். ஒரு பெண் பூச்சி நானூறு ஐந்நூறு முட்டையிடும். பல்லாயிரம் ஆண்டு மனிதர் வளர்ப்பில் பறக்கும் ஆற்றலை இழந்த அப்பூச்சியின் குஞ்சுகள் தாமே முசுக்கொட்டையைத் தேடிப் போக மாட்டா. யாரேனும் இலையிட்டு வளர்க்காவிடில் பட்டினியால் மடியும். வளர்ப்போமாயின் அடுத்த தலைமுறையில் எண்ணிக்கை நூறு மடங்காகும். போதாக்குறைக்கு, பெப்ரின் என்னும் நோய் முட்டைவழிப் பரவாதிருக்க, முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பதே வித்தகங்களின் வழக்கம். பிரான்சில் 1865 முதல் இந்நோயை ஆராய்ந்த பாஸ்டர் வகுத்த முறை அது. கூட்டின் வாயைத் திறந்துவிட்டதால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. அவித்த பட்டினும் இது மேல் என்போம். விரதத்திற்கு ஏற்றது என்று சொல்ல நம் நா எழவில்லை. வைதிக நெறியினரான காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டையே தவிர்க்குமாறு தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தி வந்தார். அஹிம்சையை நம் தனிச்சொத்து எனக் கருதும் நாம் இச்செய்தியைச் சற்று நாணத்துடனேயே எழுதுகின்றோம்.

அப்படியாயின் வயிற்றுப் புழுவுக்கு மருந்துண்ணலாகாதோ எனக் கேட்ட ஓர் அன்பருக்கும் விடை கூற வேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரி, ஆகஸ்டுத் திங்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகின்றனர். 2015 முதல் நடைபெறும் ஏற்பாடு இது. கொக்கிப்புழு குழந்தையின் குருதியை உறிஞ்சிச் சோகை உண்டாக்குகின்றது. தன் உடலுக்குள் புகுந்து தாக்குவதை எதிர்ப்பது விரோதி ஹிம்சை. இல்லறத்தார்க்கு அது முற்றும் விலக்கப்பட்டதன்று. குழந்தைக்கு மாத்திரை தர மறுப்பது அறமென்று நாம் கருதவில்லை. ஆனால் கொல்லாமலே காக்கும் வழி இருக்குமாயின் அதனை முதலில் நாடுவதே நம் நெறி. கழிப்பறை, காலணி, நகம் வெட்டுதல், கை கழுவுதல் ஆகியவை புழுவை உள்ளே வரவிடாமல் தடுப்பவை. வராத புழுவைக் கொல்ல வேண்டுவதில்லை.

இவ்வழியின் வெற்றிக்கு நரம்புச் சிலந்தி நோயை விடச் சிறந்த சான்று இல்லை. குளத்து நீரில் வாழும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர் ஒன்றின் உடலில் இப்புழுவின் குஞ்சு தங்கியிருக்கும். அந்நீரை வடிகட்டாமல் பருகினால், ஓராண்டு கழித்து ஒரு முழத்திற்கு மேல் நீண்ட புழுவாகக் காலில் புண் பிளந்து வெளிவரும். இதற்கு இன்றளவும் மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. துணியால் நீரை வடிகட்டிப் பருகச் செய்தும், படிக்கிணறுகளை மாற்றியமைத்தும், சில இடங்களில் நீரில் டெமிபாஸ் மருந்து இட்டும் இந்தியாவினின்று இந்நோயை நீக்கினர். தமிழ்நாடு 1980-களிலேயே விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1986-இல் உலகெங்கும் முப்பத்தைந்து இலட்சம் பேரை வருத்திய நோய் 2024-இல் 15 பேரளவில் சுருங்கியது. நீரில் உள்ள சிற்றுயிர் நம் வாயிற் பட்டு மடியலாகாது என்று நம் பாட்டிமார் குடத்தின் வாயில் கட்டிய இரட்டை மடிப்புப் பருத்தித் துணி செய்தது இதே காப்பைத்தான். வடிகட்டியபின் துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மெல்ல விடும் வழக்கம் அவர்களுடையது. மருத்துவர் அதற்கு உடன்படார் என்பதையும் மறைக்க வேண்டா.

ஜவளகிரி உழவரைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. யானை தின்ற ராகிக்கு ஈடாக அவர் தேடிக்கொண்ட பிழைப்பு அது. அதற்கு மாற்றுத் தர நம்மிடம் ஏதுமில்லை. அவர் விரதம் ஏற்றவரும் அல்லர். விரதம் ஏற்றவர்கள் நாம். வாங்குவதும் நாம்.

பெட்டியில் ஏற்கெனவே உள்ள பட்டை என்செய்வது என்பது தாய்மார் கேட்கும் வினா. எரிப்பதனால் போன உயிர் மீளாது. இல்லத்திற்குள் உடுத்துக் கிழியட்டும். ஆனால் பூசையிலும் மணப்பந்தலிலும் வேண்டா. ஒரு மணமகள் உடுத்தியதைக் கண்டே அடுத்த மணமகளுக்கு எடுக்கின்றனர், அதுவே உடன்படுதல். வரும் தை, மாசித் திருமணங்களுக்கு ஜவுளி எடுக்கும் குடும்பத்தார்க்கு ஒரு குறிப்பு. 'கோவை கோரா' என்னும் பெயரில் விற்பது பருத்தியெனப் பலர் எண்ணுகின்றனர். அதில் பட்டு நூல் கலந்துள்ளது. சின்னாளபட்டிச் சுங்குடியும் நெகமத்துப் பருத்திச் சேலையும் கூறைக்கு ஏற்ற அரக்கு, மஞ்சள் வண்ணங்களில் கிடைக்கின்றன. கடையில் கேட்கும்போது நூல் முழுதும் பருத்திதானா என உறுதி செய்துகொள்க.